கூண்டில் அடைத்த ஜீவனின் ஹக்கு



"வீட்டில் பிராணி வளர்ப்பது கூடுமா?" என்று ஆலிம்களிடம் கேட்பவர்கள் நம்மில் ஏராளம். "வளர்க்கிற பிராணிக்கு எதைக் கொடுத்தால் என் கடமை தீரும்?" என்று கேட்பவர்கள் மிகமிகக் குறைவு. சேலம் அஸ்தம்பட்டிப் பகுதியிலும் சரி, தமிழகத்தின் மற்ற ஊர்களிலும் சரி, நம்மவர் வீடுகளில் முயலும் லவ் பேர்ட்ஸும் மீன் தொட்டியும் இன்று சாதாரணமாகிவிட்டன. சில ஆண்டுகளாகச் சின்சில்லா என்ற அயல்நாட்டுப் பிராணியையும் குழந்தைகள் படத்தில் பார்த்துவிட்டு, "அத்தா, அது வேண்டும்" என்று அடம் பிடிக்கிறார்கள். அத்தாவும் விலையைத்தான் விசாரிக்கிறார். அந்தப் பிராணியின் வயிற்றைப் பற்றி விசாரிப்பவர் யார்?

இது சின்ன விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு பூனையின் பட்டினி காரணமாக ஒரு பெண் நரகம் புகுந்த செய்தி நம் மார்க்கத்தில் உண்டு.

இரண்டு வாசல்கள்

முதலில் அனுமதியைப் பார்ப்போம். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு சிறிய தம்பி இருந்தார். அவர் ஒரு சின்னஞ்சிறு பறவையை வைத்து விளையாடிக் கொண்டிருந்தார். அது இறந்துபோய் அவர் வாடியிருந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அவரிடம் செல்லமாக விசாரித்ததாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் ஆரம்பகால மேதைகளில் ஒருவரான இப்னுல் காஸ் அவர்கள் இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். பறவையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டத்தை இதிலிருந்துதான் இமாம்கள் எடுத்தார்கள். ஆனால் அதன் தீனிக்கும் தண்ணீருக்கும் குறை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார்கள்.

அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? அந்தப் பூனையின் ஹதீஸிலிருந்து வந்தது. அந்தப் பெண் பூனையைக் கட்டிப்போட்டாள். அவளும் அதற்கு உணவு தரவில்லை. பூமியில் ஊர்ந்து திரியும் சிற்றுயிர்களைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்துவிடவும் இல்லை. இதுதான் அவள் மீதான குற்றச்சாட்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சிந்திக்க வேண்டும். அவளுக்கு முன் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, தானே உணவளிப்பது. மற்றொன்று, அதன் போக்கில் விடுவது. இரண்டாவது வாசலைச் சொல்லும்போது அண்ணலார் (ஸல்) அவர்கள் பூனையின் உணவு எது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். அது பூனைக்கென்றே படைத்தவன் வைத்த உணவு. அவிழ்த்துவிட்டிருந்தால் அதைத்தான் அது தேடித் தின்றிருக்கும்.

ஆக, விட்டிருந்தால் அந்த ஜீவன் தானே எதைத் தேடிக்கொண்டிருக்குமோ, அதற்கு ஈடானதைத் தருவதுதான் அடைத்து வைத்தவன் மீதுள்ள கடன். பூமியில் உள்ள ஒவ்வோர் உயிரின் ரிஸ்கும் தன் பொறுப்பில் என்று அல்லாஹ் தன் திருமறையில் (11:6) அறிவிக்கிறான். அந்த ரிஸ்கு அதன் வாய்க்குப் போய்ச் சேரும் பாதையைக் கூண்டுக் கம்பி மறிக்கிறது. மறித்தவன் ஏதோ ஒன்றை உள்ளே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டால் கணக்குத் தீருமா?

பெயர் ஒன்று, பிராணி இரண்டு

இனி அந்தப் பிராணியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். நம் ஊர்ப்பக்கம் பண்ணைக்காரர்களிடம் 'சின்சில்லா' என்று கேட்டால் அவர்கள் முயலைத்தான் காட்டுவார்கள். சோவியத் சின்சில்லா என்ற அந்த முயல் இனம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்திலும் வளர்க்கப்படுகிறது. சாம்பல் நிற ரோமம் உண்மையான சின்சில்லாவைப் போல இருப்பதால் அந்தப் பெயர் வந்தது.

உண்மையான சின்சில்லா தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரின் வறண்ட, குளிர்ந்த பாறைச் சரிவுகளில் வாழும் ஒரு கொறிக்கும் பிராணி. எடை அரைக் கிலோவுக்குச் சற்று முன்பின் இருக்கும். அதன் ரோமத்தின் மென்மையே அதற்கு எமனாயிற்று. மேலங்கி தைப்பதற்காக லட்சக்கணக்கில் கொன்று குவித்தார்கள். இன்று காடுகளில் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923-இல் சிலி நாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனார். இப்போது உலகெங்கும் வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அவற்றின் வாரிசுகளே. ஒரு நூற்றாண்டாகக் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே மடியும் வம்சம் அது.

முயலும் சின்சில்லாவும் வெவ்வேறு இனங்கள். ஆனால் வயிறும் பல்லும் அமைந்த விதத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல. முயலுக்கு 28 பற்கள்; சின்சில்லாவுக்கு 20. முன்பல் கடைவாய்ப்பல் எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முயலின் முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கிறது. அதைத் தேய்க்க அல்லாஹ் வைத்த அரம் எது தெரியுமா? நார் நிறைந்த காய்ந்த புல்! மணிக்கணக்கில் புல்லை அரைத்து அரைத்து மென்றால்தான் பல் அளவோடு நிற்கும். மென்மையான உணவையே தின்று வந்தால் கடைவாய்ப்பல் கூர்முனையாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். எதிரே உணவு இருந்தும் வலியால் தின்ன முடியாமல் அது பட்டினி கிடக்கும்.

வயிறும் அப்படியே. இவற்றால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குடலிலுள்ள ஒரு பெரிய பையில் நுண்கிருமிகள் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்தச் சத்தை மென்மையான எச்சமாக வெளியிட்டு, அதையே மறுபடி தின்று முழுப் பயனைப் பெறுகின்றன. நமக்கு அருவருப்பாகத் தோன்றும் இது அவற்றுக்குப் படைத்தவன் அமைத்த ஏற்பாடு. இந்த இயந்திரம் ஓய்வின்றி ஓடவேண்டும். ஒரு முயல் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தாலே குடல் ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

சின்சில்லாவின் உணவில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்லாகவே இருக்க வேண்டும். திமோத்தி என்ற வெளிநாட்டுப் புல் உலர்த்திய கட்டாகக் கடைகளில் கிடைக்கிறது. அது இரவும் பகலும் குறையாமல் கூண்டில் கிடக்க வேண்டும். அதற்கென்றே தயாரித்த பெல்லட் தீவனம் நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி போதும். சுத்தமான தண்ணீர் எப்போதும் வேண்டும். பச்சைக் கீரையைத் திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிறு உப்பிவிடும்.

முயலுக்கு நம் மண்ணிலேயே தீனி உண்டு. அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் சேலம், நாமக்கல் பக்கம் வரப்புகளில் தாராளமாக வளர்பவை. மருந்து அடிக்காத இடத்தில் அறுத்து, நிழலில் உலர்த்தி, பூஞ்சை பிடிக்காமல் வைத்துக் கொடுக்கலாம். பண்ணைகளில் குதிரைமசால், வேலிமசால், அகத்தி என்று புரதம் நிறைந்த தழைகளை விரும்பிக் கொடுக்கிறார்கள். அது இறைச்சிக்காக மூன்று மாதத்தில் எடை ஏற்ற வேண்டிய முயலுக்கான கணக்கு. எட்டுப் பத்து ஆண்டுகள் வீட்டில் வாழவேண்டிய முயலுக்குக் குதிரைமசாலையே அன்றாட உணவாக்கினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீர்ப் பையில் கல் சேரும். பிராணி ஒன்றாக இருந்தாலும் வளர்க்கும் நோக்கம் மாறினால் உணவும் மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அன்பு என்ற பெயரில்

நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும் தன் பிஸ்கட்டில் பாதியை முயலுக்கு நீட்டுகிறது. வாப்பா கடையிலிருந்து வந்ததும் நாலு கிஸ்மிஸ் பழத்தைப் போடுகிறார். விருந்தாளி வந்தால் பாதாம் பருப்பு. முயல் என்றாலே கேரட் என்று ஏதோ படத்தில் பார்த்த ஞாபகத்தில் நாள்தோறும் ஒரு கேரட். அது ஆவலோடு தின்கிறது. பார்க்கிற நமக்கும் ஆனந்தம். சர்க்கரையும் எண்ணெய்ச் சத்தும் மாவும் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, காற்றை உண்டாக்கி, உயிரையே வாங்கிவிடக்கூடும் என்பது அந்த ஆனந்தத்தில் தெரிவதில்லை.

இப்படிக் கொடுக்கும்போது யாருடைய பசியைத் தணிக்கிறோம்? பிராணியின் பசியையா, அது நம் கையிலிருந்து வாங்கித் தின்பதைப் பார்க்க ஏங்கும் நம் மனத்தின் பசியையா? புல்லை அள்ளிப் போட்டால் பிராணி நம் பக்கம் ஓடி வராது. கிஸ்மிஸைக் காட்டினால் ஓடி வரும். ஆகவே கிஸ்மிஸைக் காட்டுகிறோம். இதை அன்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

பக்ரீத் காலத்தில் இதே தவறு பெரிய அளவில் நடக்கிறது. குர்பானிக்கு வாங்கிய ஆட்டை நாலு நாள் முன்பே வீட்டில் கட்டுகிறோம். தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதற்குச் சோறும் சப்பாத்தியும் ஊட்டுகிறார்கள். இலையும் தழையும் தின்று பழகிய ஆட்டின் வயிற்றில் சோறும் தானியமும் திடீரென்று நிறைந்தால் அமிலம் பெருகி, வயிறு உப்பி, ஆடு படுத்துவிடும். சில வேளை பெருநாளுக்கு முன்பே உயிர் போய்விடும். அறுப்பதிலும் அழகிய முறையைக் கையாளுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்குச் சிரமம் தராதீர்கள் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. அறுக்கப்போகும் நாளில் அவ்வளவு பேணுதல் வேண்டுமென்றால், அதற்கு முந்திய நாலு நாளில் வேண்டாமா?

நிய்யத்துப் போதாதா?

இங்கே ஒரு சகோதரர் கேட்கலாம்: "செயல்கள் எல்லாம் நிய்யத்தைக் கொண்டே என்று ஹதீஸ் இருக்கிறதே! நான் நல்ல எண்ணத்தில்தானே கொடுத்தேன்? தெரியாமல் நடந்ததற்கு என்னைக் குற்றம் பிடிக்கலாமா?"

நியாயமான கேள்விதான். வேண்டுமென்று வதைத்தவனையும் அறியாமல் கொடுத்தவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அல்லாஹ் உள்ளங்களை அறிந்தவன். ஆனால் அறியாமை இரண்டு வகை. தெரிந்துகொள்ள வழியே இல்லாதவனின் அறியாமை ஒன்று. கேட்டால் சொல்ல ஆள் இருந்தும் கேட்காமல் இருந்தவனின் அறியாமை மற்றொன்று. மருத்துவம் அறியாத ஒருவன் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவனே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ முதலிய நூல்களில் ஹதீஸ் வந்திருக்கிறது. அந்த வைத்தியனும் நோயாளியைக் கொல்ல நினைத்தா மருந்து கொடுத்தான்? அவன் எண்ணம் நல்லதுதான். இருந்தும் அறியாத வேலையில் துணிந்து கைவைத்ததால் பொறுப்பு அவன் தலையில் ஏறியது. ஓர் உயிரைக் கூண்டில் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளும்போது நாமும் அத்தகைய வேலையில்தான் கைவைக்கிறோம்.

நிய்யத்து ஒரு நற்செயலுக்கு உயிர் தருகிறது. ஆனால் விஷத்தை அது உணவாக மாற்றுவதில்லை. ஆகவே கூண்டு வாங்கியவனுக்கு அந்தப் பிராணியின் உணவைப் பற்றிக் கேட்டு அறிவதும் கடமையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. தொழுகை கடமையானவனுக்குத் தொழுகையின் சட்டங்களைக் கற்பதும் கடமையாவது போலத்தான் இதுவும்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில், பிராணியின் உடைமையாளர் அதற்குத் தீனியும் தண்ணீரும் தருவது கடமை என்றும், மறுத்தால் விற்கவோ தீனியிடவோ, உண்ணத்தக்க பிராணியானால் அறுக்கவோ அவர் கட்டாயப்படுத்தப்படுவார் என்றும் எழுதியுள்ளார்கள். ஹனஃபி கிதாபுகளில், காழி கட்டாயப்படுத்தலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அல்லாஹ்விடத்தில் அது கடமை என்பதில் வேறுபாடில்லை. ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், பிராணிக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளைப் பட்டியலிடும்போது, அது கிழடு தட்டிப் பயனற்றுப் போனாலும் நோயில் விழுந்தாலும் அதற்குச் செலவழிப்பதை முதலில் வைத்தார்கள். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் இடமும் தராமல் இருப்பதை வதை என்றே கணக்கிடுகிறது.

சிறைக்கூடம் தரும் பாடம்

அஸ்தம்பட்டியில்தான் சேலம் மத்திய சிறை இருக்கிறது. அந்த மதிலைக் கடக்கும்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருப்பவன் குற்றவாளியாகவே இருக்கட்டும். அவனுக்கு வேளாவேளைக்கு எவ்வளவு உணவு என்பதைச் சிறை விதிகள் எழுதி வைத்திருக்கின்றன. ஏன்? வெளியே போய்ச் சம்பாதித்துச் சாப்பிடும் வழியை அரசு அடைத்துவிட்டது. ஆகவே அவனுடைய வயிற்றுக்கு அரசே பொறுப்பு. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைக் குர்ஆன் ஷரீஃப் (76:8) புகழ்ந்து பேசுகிறது. குற்றம் செய்த கைதிக்கே இந்த ஹக்கு என்றால், குழந்தை ஆசைப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஆயுள் கைதியாக்கப்பட்ட வாயில்லா ஜீவனின் ஹக்கு எத்தகையது?

கைதியாவது குரல் எழுப்புவான். பிராணி யாரிடம் முறையிடும்? அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. தன்னைப் பட்டினி போட்டு அளவுமீறி வேலை வாங்குவதாக அது முறையிட்டதை அவர்கள் அதன் உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லிக் கண்டித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அந்த முறையீட்டைக் காதால் கேட்கும் பேறு நமக்கில்லை. ஆனால் பார்க்கக் கண் இருக்கிறது. எச்சம் குறைந்தாலும் சிறுத்தாலும் அது ஒரு முறையீடு. வாயில் எச்சில் வடிந்து மோவாய் நனைந்திருந்தால் பல்லில் கோளாறு. புல்லைத் தொடாமல் மூலையில் குந்தியிருந்தால் வயிற்றில் வேதனை. தினமும் ஒரு முறை கூண்டைக் கூர்ந்து பார்ப்பவருக்கு இந்த மொழி புரியும்.

வாங்குமுன் யோசிப்போம்

இன்னொரு விஷயம். பூனைக்காரிக்கு இரண்டாவது வாசல் இருந்தது. அவிழ்த்து விட்டிருந்தால் அது பிழைத்திருக்கும். சின்சில்லாவுக்கும் கூண்டு முயலுக்கும் அந்த வாசல் கிடையாது. "பார்த்துக்கொள்ள முடியவில்லை, ஏற்காடு மலையில் விட்டுவிட்டு வருகிறேன்" என்றால் இரண்டே நாளில் நாய்க்கோ பருந்துக்கோ இரையாகிவிடும். ஆகவே வளர்ப்பவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே வாசல்தான்: முறையாக உணவளிப்பது, அல்லது முறையாக வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பது.

சின்சில்லாவைப் பொறுத்தவரை உணவு மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. அதன் ஒரே மயிர்க்காலில் ஐம்பது அறுபது மயிர்கள் அடர்ந்திருக்கும். அதற்கு வியர்க்காது. வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினாலே அதன் உயிருக்கு ஆபத்து. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில் குளிர்சாதனம் இடைவிடாது ஓடினால்தான் அது பிழைக்கும். மின்சாரம் போய்விட்டால்? அதன் ஆயுள் பத்து முதல் இருபது ஆண்டு. இன்று கேட்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு நிக்காஹ் ஆகும் காலத்திலும் அது கூண்டில் இருக்கும். அதுவரை புல் போடுவது யார்? பெரும்பாலும் அந்தப் பாரம் அம்மாவின் தலையில்தான் விழும். இவற்றுக்கெல்லாம் பதில் இல்லாதவர் அதை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பெரிய உபகாரம் என்பது எமது கருத்து. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதோ 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமே, அதை விட்டுவிடுவோம்.

ஏற்கெனவே முயலோ சின்சில்லாவோ வீட்டில் இருந்தால் கலங்க வேண்டாம். உணவை ஒரே நாளில் மாற்றாமல் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். பெல்லட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். முயலுக்குக் கேரட் எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். பிஸ்கட், பருப்பு, சோறு, மிட்டாய் இரண்டுக்கும் அறவே வேண்டாம். இவை அந்தியிலும் இரவிலும் சுறுசுறுப்பாக இருப்பவை. ஆகவே மக்ரிபுக்குப் பின் புல்லையும் தண்ணீரையும் நிரப்பி, ஃபஜ்ருக்கு எழும்போது எச்சத்தையும் மீதியையும் ஒரு பார்வை பார்த்தால் எளிதான வழக்கமாகிவிடும். கல்யாணத்துக்கோ வெளியூருக்கோ போகும்போது பக்கத்து வீட்டில் பொறுப்பாக ஒப்படையுங்கள். சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்: "கண்ணே, அது ஆசைப்படுவதைத் தராதே, அதற்கு ஆவதைத் தா." இந்தப் பாடத்தைக் கூண்டருகே கற்ற பிள்ளை, நாளை தன் வயதான பெற்றோரைக் கவனிக்கும்போதும், தன் கைக்குக் கீழ் வேலை செய்பவரைக் கவனிக்கும்போதும், எனக்கு எது மகிழ்ச்சி என்று பார்க்காமல் அவர்களுக்கு எது தேவை என்று பார்க்கும்.

தாகத்தால் நாக்கு வறண்ட நாய்க்குக் கிணற்றிலிறங்கித் தோலுறையில் நீர் மொண்டு வந்தவரின் பாவங்களை மன்னித்த ரஹ்மான், நம் கைவசம் இருக்கும் வாயில்லா ஜீவன்களின் ஹக்கை அறிந்து நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.